சுருளியாண்டியின் கடைசி ஆறு விநாடி

கம்பெனிக்காரன் சுருளியாண்டியின் பாட்டை வேறொரு பேர் போட்டு மறுபடி அச்சடித்துக் கடைக்கு விட்ட வாரத்தில், செவ்வாய்க்கிழமை பத்தரை மணி பஸ்ஸில், சுருளியாண்டியைப் போலவே மூக்கும், சுருளியாண்டியைப் போலவே இடது காது மடலில் கழுதை கடித்த வடுவும், ஆனால் சுருளியாண்டிக்கு இப்போது இல்லாத நாலு பல்லும், அவனைவிடப் பதினோரு வயது குறைச்சலும் உள்ள ஒருவன் ஆனைக்கல்பட்டியில் வந்து இறங்கினான், இறங்கியவன் நேராக மைதீன் ராவுத்தர் டீக்கடைக்குப் போய், "அண்ணே, ஒரு டீ, சீனி தூக்கலா" என்றான், ராவுத்தரும் சீனி தூக்கலாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆள் யார் என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று, "யாருப்பா, என்ன பேரு?" என்றார்.

"மதுரை மணவாளதாஸ்."

"அப்ப சரி," என்றார் ராவுத்தர்.

ஊர் வாயைப் பிளந்ததா என்றால் இல்லை. ஆனைக்கல்பட்டி மேற்கு மலையின் காலடியில், ஏலக்காய் வாசத்துக்கும் கழுதை விட்டை வாசத்துக்கும் நடுவில் கிடக்கிற ஊர். அங்கே சனம் வாயைப் பிளப்பதென்றால் கொட்டாவிக்குத்தான். அதே பஸ்ஸில் ராவுத்தருக்கு மதுரையிலிருந்து கிராமபோன் தட்டுப் பார்சலும் வந்திருந்தது. பிரித்தால் ஒரு கறுப்பு அரக்குத் தட்டு, நடுவில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில் விரித்த குடைப் படம், குடைக்குக் கீழே 'மலைப்பாட்டு, பாடியவர் மதுரை மணவாளதாஸ்'. கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து ஓடவிட்டார்.

ஏத்தம் ஏறும் என் கழுதை
ஏலம் மணக்கும் என் கழுதை
பாதி மலை... லொக்... போனபின்னே
பாதகத்தி நெனப்பு வந்தா
மீதி மலை யாரு ஏற?

"அட, நம்ம சுருளி பாட்டுல்ல!" என்றான் பெஞ்சில் இருந்த ஒருத்தன். "இருமல்கூட அதே இருமல்!" என்றான் இன்னொருத்தன். அதே பெஞ்சின் ஓரத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்த சுருளியாண்டி தன் பாட்டை, தன் இருமலை, தன் குரலை எல்லாம் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே, கடைசியில் வரவேண்டிய ஒன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். அது வரவில்லை. ஊசி வெறும் அரக்கில் ஓடி, கிர்ர்ர் என்று சத்தம் போட்டு, நின்றது.

வரவேண்டியது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வருசத்துக்கு முன்னால், பொதிக்கழுதை ஓட்டிக்கொண்டு மலை ஏறும்போது சுருளியாண்டி பாடுகிற பாட்டு மலை முழுக்கப் பிரசித்தம் என்று கேள்விப்பட்டு, மதுரையிலிருந்து தட்டுக் கம்பெனி ஏஜெண்ட் கோதண்டம் வந்தார். அவனைக் கூட்டிப்போய் ஒரு லாட்ஜ் மாடியில், சுவரெல்லாம் மெத்தையைச் சாத்திய ரூமில், குரலைப் பிடிக்கிற ஒரு பித்தளைப் புனலுக்கு முன்னால் நிறுத்தினார். "பாடுய்யா. பாடி முடிச்சதும் உம் பேரைச் சத்தமாச் சொல்லணும். தட்டு அச்சடிக்கிறவன் கடலுக்கு அங்கிட்டு இருக்கான், அவனுக்கு உன்னையும் தெரியாது உங்கப்பனையும் தெரியாது, பேரைச் சொன்னாத்தான் எந்தத் தட்டுல எந்தக் காகிதத்தை ஒட்டணும்னு தெரியும்" என்றார். அந்தக் காலத்தில் எல்லாத் தட்டிலும் அப்படித்தான். பாட்டு முடிந்ததும் பாடினவர் தன் பேரைச் சொல்வார். சுருளியாண்டியும் பாடினான், நடுவில் இருமினான், முடித்தான், மூச்சை இழுத்து, "நான்தான் ஆனைக்கல் சுருளியாண்டி!" என்றான். அதற்கு ஆறு விநாடி ஆயிற்று. கிளி மார்க் தட்டாக அது வந்தபோது ஊர் சனம் பாட்டைவிட அந்த ஆறு விநாடிக்குத்தான் அதிகமாகக் கைதட்டியது.

காரணம் இருக்கிறது. ஆனைக்கல்பட்டிப் பொதிக்காரர்களுக்குப் பேர் என்பது கூப்பிடுகிற சங்கதி மட்டும் இல்லை. மலைப் பாதையில் முதல் வளைவில் யானை மண்டிபோட்ட மாதிரி ஒரு பாறை. பொதி ஏற்றிக்கொண்டு போகிற எவனும் அங்கே நின்று தன் பேரைக் கத்த வேண்டும். மலை அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னால் போகலாம். சொல்லாவிட்டால் மலைக்கு அவனைத் தெரியவில்லை என்று அர்த்தம். தெரியாதவன் ஏறினால் மலை வைத்துக்கொள்ளும், திருப்பி அனுப்பாது. வைத்துக்கொண்ட ஆட்களின் பட்டியல் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மறுநாள் விடிந்து சுருளியாண்டி தன் மூன்று கழுதைகளோடு யானைப்பாறையில் நின்று, பதினாலு வயசிலிருந்து கத்துகிற மாதிரியே கத்தினான்.

"சுருளியாண்டீ!"

மலை சும்மா இருந்தது. ஒரு மைனா பறந்தது. மறுபடி கத்தினான். தொண்டை நரம்பு புடைக்க மூன்றாம் தடவையும் கத்தினான். வரிசையில் பின்னால் நின்றிருந்தவர்கள் தங்கள் கழுதைகளின் காதைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அப்போது டீக்கடையில் ராத்தங்கிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த மணவாளதாஸ், ஒரு தமாசுக்குத்தான் என்கிற மாதிரி, வாயைக் குவித்து "மணவாளதாஸ்!" என்றான். மணவாளதாஸ், மணவாளதாஸ், மணவாளதாஸ் என்று மலை மூன்று தடவை சொன்னது, ஏதோ மருமகனைக் கூப்பிடுகிற மாதிரி.

அன்றே பெரியதனக்காரர் வீரணன் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார். அவருக்கு எந்த வாக்கியமும் 'அதாகப்பட்டது' இல்லாமல் கிளம்பாது.

"அதாகப்பட்டது, மலைக்கு இந்தத் தம்பியத் தெரியுது. அதாகப்பட்டது, அந்தத் தம்பியத் தெரியல. அதாகப்பட்டது, கழுதைக்குப் பசிக்குமா பசிக்காதா?"

"பசிக்கும்!" என்றது கூட்டம்.

"அதாகப்பட்டது, கழுதைய மணவாளதாஸ் ஓட்டட்டும்."

"மாமா, அது எங் கழுதை," என்றான் சுருளியாண்டி.

"அதாகப்பட்டது, இல்லேன்னு எவன் சொன்னான்? கழுதை உன்னோடது. ஏத்தம் அவனோடது."

ஏஜெண்ட் கோதண்டம் செய்த வேலை என்னவென்றால், கிளி மார்க் தட்டு விற்று ஓய்ந்ததும், அதே அச்சை எடுத்துக் கடைசி ஆறு விநாடியைச் சுரண்டி எறிந்துவிட்டு, மலிவுத் தட்டாகப் புதுப் பேரில் விட்டதுதான். ஒரே ஆள் பாட்டை நாலு தடவை எவன் வாங்குவான்? நாலு ஆள் பாட்டு என்றால் நாலையும் வாங்குவான். குடை மார்க்கில் மதுரை மணவாளதாஸ் நன்றாகப் போனதும், கடல் தாண்டித் தேயிலை பறிக்கப் போன சனத்துக்காகத் தேள் மார்க்கில் கண்டி கந்தப்பா வந்தான், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே "என்ன அண்ணே, இஞ்ச டீ கிடைக்குமா?" என்று கண்டிப் பேச்சில் கேட்டான். பிறகு முயல் மார்க்கில் பினாங்கு பிரபாகர், குறுக்குக் கோடு போட்ட கைலியோடு. தட்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கும் என்று கண்டக்டருக்கே பழகிவிட்டது, ஊர் எல்லை வந்ததும், "சுருளிக இறங்கு, சுருளிக இறங்கு!" என்பான். ஆனால் சுருளி என்கிற அந்தப் பேரை அவர்கள் எவனும் தன் பேர் என்று எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வான்.

சனம் அவர்களுக்குப் பழகின வேகம் இருக்கிறதே, புது மாட்டுக்குக்கூட அத்தனை சீக்கிரம் பழகாது. தட்டு ஆட்கள் ஒவ்வொருவனும் ஒரே மாதிரி சாப்பிட்டான், ஒரே மாதிரி சிரித்தான், ஒரே பாட்டைப் பாடினான், 'பாதி மலை' வந்ததும் லொக் என்று ஒரே மாதிரி இருமினான். அவர்களுக்குச் சுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்துப் பார்த்த பெண்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள், அச்சில் விழுந்த இருமலுக்கு ஏது கசாயம். எஸ்டேட் கங்காணி வந்து பார்த்து, ஒருத்தனும் சண்டை போடவில்லை, குடிக்கவில்லை, ஒருத்தனுக்கும் வயசு ஆகவில்லை என்று கண்டு, அத்தனை பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். வெயிலில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கந்தப்பாவைச் சித்திரை மாசத்து மத்தியானத்தில் பாறை மேல் உட்காரவைத்துவிட்டுக் கங்காணி சாப்பிடப் போய், திரும்பி வந்து பார்த்தால் இடுப்பிலிருந்து ஒரு பக்கமாக வளைந்து கிடந்தான். அன்றிலிருந்து அவன் நடையும் ஆடியது, பாட்டும் ஆடியது, 'ஏத்தம் ஏஏறுஉம்' என்று ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. பிள்ளைகள் அவன் பின்னாலேயே அதே மாதிரி வளைந்து நடந்து பாடிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் அவர்களை ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் சுவரோடு சுவராக நிறுத்தி வைத்தார்கள்; படுக்கப் போட்டு ஒருத்தன்மேல் ஒருத்தன் விழுந்தால் கீறல் விழும் என்று ராவுத்தர் சொல்லியிருந்தார், தட்டு விசயத்தில் அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. கம்பெனி அரக்கைக் குறைத்துக் கல்தூளைக் கூட்டக் கூட்ட, பின்னால் வந்த ஆட்கள் சாம்பல் பூத்த தோலும் கரகரத்த பேச்சுமாக வந்தார்கள். ஒருத்தன் வாசற்படி தடுக்கி விழுந்து மூன்று துண்டாகப் போனான். பெருக்கி அள்ளினார்கள்.

சுருளியாண்டிக்கு மலை இல்லை. மலை இல்லாதவனுக்கு அடிவாரத்து ஏலக்காய் ஸ்டோரில்தான் வேலை. பச்சைக் காயை உலர்த்துகிற சூட்டறையில் நாள் முழுக்க அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும். புகை கண்ணுக்குள் போயிற்று, மூக்குக்குள் போயிற்று, பிறகு தொண்டைக்குள் போய் அங்கேயே குடித்தனம் வைத்தது. ஆறு மாசத்தில் அவன் குரல், ஈர விறகை அறுக்கிற ரம்பம் மாதிரி ஆயிற்று. ஊரில் அவன் பேரைச் சொல்வதும் மெல்ல நின்றது. வேண்டுமென்று இல்லை; வாய்க்கு வரவில்லை. 'ஏப்பா' என்றார்கள், 'இவரே' என்றார்கள். ராவுத்தர்தான் வஞ்சகமில்லாமல், "வாய்யா பழைய தட்டு!" என்று கூப்பிடுவார். அதற்கு அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

அவன் பொண்டாட்டி காமாயி மட்டும் முதல் நாலு மாசம் உறுதியாக நின்றாள். மணவாளதாஸ் கழுதைகளைக் கட்டிப்போட வீட்டு வாசலுக்கு வரும்போதெல்லாம் முறத்தைக் காட்டினாள். "உம் மூஞ்சிய எங்கிட்டக் காட்டாத. எம் புருசன் மூஞ்சிய வச்சிக்கிட்டு என்ன தைரியத்துல அலையிறவன் நீ?" என்பாள். அவன் சிரித்துவிட்டு, கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பாடுவான். தினம் அதே பாட்டு, அதே குரல். காமாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அரிசி புடைப்பதை நிறுத்திக் கேட்பாள், பிறகு கேட்கவில்லை என்பதுபோலப் புடைப்பாள். ஒரு நாள் சுருளியாண்டி ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அவனுக்கு வைக்கிற கும்பாவில் மணவாளதாஸ் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தான். காமாயி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி இது?"

அவள் எழுந்திருக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, அடுப்பில் சோறு வெந்துவிட்டது என்பது மாதிரி சொன்னாள்.

"இந்தாய்யா, கோவிச்சுக்காத. எங்கப்பன் வீட்டு வழியா நீ கழுதை ஓட்டிட்டுப் போறப்ப, நான் வேலிக்குப் பின்னால நின்னு கேட்டது இந்தக் குரலத்தான். இந்தக் குரலுக்குத்தான் நான் கழுத்த நீட்டுனேன். நான் மாறவே இல்ல. நீதான் மாறிப்புட்ட."

சுருளியாண்டிக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறந்தான், புகைதான் வந்தது. மணவாளதாஸ் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்கண்ணே, கூழு இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகு அவன் ஸ்டோர் வாசலில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டான். பெரியதனக்காரரிடம் போய் முறையிட்டான். அவர் யோசித்து, "அதாகப்பட்டது, நீதான் சுருளியாண்டின்னு நீ சொல்ற. மலை சொல்லலையே" என்றார். அப்போதுதான் அவனுக்கு ஒரு விசயம் பிடிபட்டது: பொண்டாட்டியும் கழுதையும் வீடும் பின்னால் போனவை, முதலில் போனது அந்த ஆறு விநாடி, அது தட்டில் திரும்ப ஏறிவிட்டால் பேர் பஸ்ஸில் திரும்ப வரும், பேர் வந்தால் மலை சொல்லும், மலை சொன்னால் மற்றதெல்லாம் வரிசையாகப் பின்னால் வரும், கழுதை வரிசை மாதிரி. மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறினான்.

ஏஜெண்ட் கோதண்டம் வெற்றிலைச் செல்லமும் மேஜை விசிறியுமாக அதே லாட்ஜ் மாடியில்தான் இருந்தார். "அடடே, வாய்யா வாய்யா!" என்று வாய் நிறைய வரவேற்றார், பேரைச் சொல்லாமல்.

"ஐயா, எம் பேர மட்டும் திரும்ப ஒட்டிக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"ஒட்டவா? இதென்னய்யா கிழிஞ்ச வேட்டியா? அச்சுலயே சுரண்டியாச்சு. சுரண்டுன தூள்கூட இல்ல."

"நான் என்ன தப்புங்கய்யா செஞ்சேன்?"

"நீ என்ன தப்பு செஞ்ச! சுருளியாண்டி, ஆனைக்கல்லு... பேரா இது? கல்லும் முள்ளுமா இருக்கு. மணவாளதாஸ், ஆகா, வாயில வச்சா கரையுது. விக்கிறது பாட்டு இல்லய்யா. காகிதம். நடுவுல ஒட்டுற காகிதம்." பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "சரி, வந்தது வந்துட்ட. புதுசா ஒரு தட்டுக்குப் பாடேன். இப்ப மைக்கு எல்லாம் வந்துருச்சு, புனல் கிடையாது."

"பேரு?"

"கடைசியில சொல்லு. யாரு வேணாங்கிறா?"

"வெட்ட மாட்டீகளே?"

கோதண்டம் மார்பில் கை வைத்தார். "எம் புள்ள மேல சத்தியமா, ஒரு எழுத்து வெட்ட மாட்டேன். போதுமா?"

மெத்தை சாத்திய அதே ரூமில் சுருளியாண்டி நின்றான். பாடினான். ஏத்தம் என்று எடுத்தான், குரல் ஏறாமல் சறுக்கியது. ஏலம் என்றான், தொண்டையில் ஏதோ கழன்று விழுந்தது. பாதி மலை வந்தபோது ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை இருமினான். மீதி மலையை மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே தள்ளியும் எப்படியோ ஏறி முடித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின்காரன் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான், தோள் குலுங்கியது. கோதண்டம் துண்டால் கண்ணைத் துடைத்தார். தன் கஷ்டம் அவர்களை அழவைத்துவிட்டது என்று நினைத்த சுருளியாண்டிக்கு நெஞ்சு விம்மியது. அந்த விம்மலோடு, உடம்பில் மிச்சம் இருந்த அத்தனை காற்றையும் கூட்டி, முதல் தட்டில் விழுந்த அதே வெண்கலக் குரலில், எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாமல், கத்தினான்:

"நான்தான் ஆனைக்கல் சுருளியாண்டி!"

"அருமை!" என்றார் கோதண்டம் மூச்சு வாங்க. "அருமைய்யா! மெட்ராஸ் வரைக்கும் விக்கும்!"

ஊருக்குத் திரும்பிய சுருளியாண்டி ஆள் மாறிவிட்டான். சூட்டறையில் விறகு தள்ளும்போதுகூடச் சிரித்தான். தட்டு வரப்போகிற செவ்வாய்க்கிழமை ராவுத்தர் மூலமாக ஊருக்கெல்லாம் தெரிந்தது. வரப்போகிறவன் எப்படி இருப்பான் என்று அவன் ரொம்ப யோசித்து வைத்திருந்தான்: தன் வயசுதான் இருக்கும், தன் மூஞ்சிதான் இருக்கும், தன் பேரும் இருக்கும், அப்படி ஒருத்தன் வந்து நின்றால் இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் என்று எதைச் சொல்வது, கட்டிப்பிடித்தால் ஒன்றாகிவிட மாட்டோமா, உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் போகிற மாதிரி. முகம் மழித்துக்கொண்டான். வெளுத்த வேட்டி கட்டினான். சம்பங்கி மாலை ஒன்று வாங்கினான், வருகிறவன் கழுத்தில் போட. காமாயியும் வந்து நின்றாள், கொஞ்சம் தள்ளி, மணவாளதாஸுக்குப் பக்கத்தில். ஆனால் அவள் கண் பஸ் வருகிற திசையில் இருந்ததைச் சுருளியாண்டி பார்த்தான். அவளுக்கும் ஒரு ஆசை இருக்கத்தான் செய்தது. ஊர் முழுக்க நின்றது. வளைந்த கந்தப்பாவைக்கூடத் தூக்கி வந்து புளியமர நிழலில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

பத்தரை மணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் முன்படியில் தொங்கிக்கொண்டு, "யாருய்யா இதுக்குச் சொந்தக்காரவுக? அரை டிக்கெட்டுதான் போட்டேன், சீட்டு கேக்கல, வழியெல்லாம் என் பைய மென்னுக்கிட்டே வந்துச்சு!" என்றான்.

பின்படியில் முதலில் இரண்டு முன்னங்கால்கள் தெரிந்தன. பிறகு சாம்பல் நிற மூஞ்சி. நாலு பல் போன வாய். இடது காது மடலில் கடி வடு. கழுதை நிதானமாக இறங்கி, உடம்பை ஒரு தடவை உதறி, கூட்டத்தைப் பார்த்து, லொக் லொக் என்று ஏழெட்டுத் தடவை இருமியது.

ராவுத்தர் பார்சலைப் பிரித்தார். காகிதத்தில் எந்த மார்க்கும் இல்லை, ஒரு கழுதைப் படம். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்: "கழு...தைக்... கச்சேரி. சிரிப்புத் தட்டு. பாடியது, கழுதை."

ஓடவிட்டார். ஊர் சிரித்தது. தொடையைத் தட்டிச் சிரித்தது, மண்ணில் உட்கார்ந்து சிரித்தது, பெரியதனக்காரருக்குப் புரையேறி ரெண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. மாலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சுருளியாண்டி மட்டும் பொறுமையாக இருந்தான். சிரிக்கட்டும், கடைசி ஆறு விநாடி இருக்கிறது. கோதண்டம் வாக்குத் தவறவில்லை. பாட்டு முடிந்தது, ஊசி கரகரத்தது, பிறகு கோயில் மணி மாதிரி வந்தது, ஒரு எழுத்துக் குறையாமல்: "நான்தான் ஆனைக்கல் சுருளியாண்டி!"

"அட! சுருளியாண்டி!" என்றது ஊர், ஒன்றரை வருசத்துக்குப் பிறகு வாய்க்கு வந்த பேரை ருசித்துக்கொண்டு. "சுருளியாண்டி! சுருளியாண்டி!" அத்தனை பேரும் கழுதையைப் பார்த்தார்கள்.

கழுதை யாரையும் பார்க்கவில்லை. வழி தெரிந்த மாதிரி தெருவைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மலைப்பாதையில் நடந்தது. ஊர் பின்னால் நடந்தது. மாலையோடு சுருளியாண்டியும் நடந்தான். யானைப்பாறையில் நின்று, கழுத்தை நீட்டி, கத்தியது. கழுதை கத்துகிற கத்தல்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மலை ஒரு நொடி யோசித்தது. பிறகு சொன்னது, சுருளியாண்டி, சுருளியாண்டி, சுருளியாண்டி என்று, பள்ளத்தாக்கெல்லாம் நிறைகிற மாதிரி, காணாமல் போன பிள்ளை வீட்டுக்கு வந்ததைக் கண்ட தாய் மாதிரி.

"அதாகப்பட்டது," என்றார் பெரியதனக்காரர், "இனிமே சந்தேகத்துக்கே இடமில்ல."

காமாயி கழுதையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். கையிலிருந்த முந்தானையால் அதன் பீளையைத் துடைத்தாள். அப்புறம் மாலையை வைத்துக்கொண்டு நின்றவனைத் திரும்பிப் பார்த்து, அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, பாவம் என்று நினைத்து, இரக்கமாகத்தான் சொன்னாள்.

"ஏய்யா, உனக்குத்தான் கழுதை ஓட்டத் தெரியுமே. நம்ம சுருளியாண்டிய நீயே ஓட்டேன். சூட்டறையில கிடந்து ஏன் வேகுற?"

மாலையை யார் வாங்கி யார் கழுத்தில் போட்டார்கள் என்று நினைவில்லை. ஊர் திரும்புவதற்குள் கழுதை அதில் பாதியைத் தின்றிருந்தது.

இப்போது சுருளியாண்டியின் முதுகில் ரெண்டு மூட்டை ஏலக்காய் ஏற்றி, அவன் தினம் மலை ஏறுகிறான். மலைக்குத் தெரிந்த பேருக்குப் பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவனை மலை ஒன்றும் கேட்பதில்லை. பொதியோடு பொதி என்று விட்டுவிடுகிறது. மணவாளதாஸ் முன்னால் பாடிக்கொண்டு போவான், பிரபாகர் நடுவில், வளைந்த கந்தப்பா ஒரு பக்கமாக. சாயங்காலம் வாசலில் கழுதையைக் கட்டும்போது உள்ளேயிருந்து காமாயி, "சுருளியாண்டிக்குத் தண்ணி காட்டுனியா?" என்பாள். "காட்டிட்டேன்" என்பான்.

ஒரு பழக்கம்தான் அவனிடமிருந்து போகவில்லை. யானைப்பாறையில் கழுதை நின்று கத்தியதும், சுருளியாண்டி என்று மலை கூப்பிடும், பின்னால் நிற்கிறவன் தன்னையறியாமல், ரம்பக் குரலில், "என்னா?" என்பான். கழுதை திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடக்கும். மலை அந்த 'என்னா'வை ஒரு நாளும் திருப்பிச் சொன்னதில்லை.